காலணா கார்டும் ஒரு காப்பியமும்

ஆனந்த விகடனில் 1940 ஜனவரியில் ஒரு தொடர் ஆரம்பமானது. தலைப்பு 'என் சரித்திரம்'. எழுதியவர் உ.வே. சாமிநாதையர். அப்போது அவருக்கு வயது 84. வாரா வாரம் தன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். சூரியமூலையில் பிறந்தது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டது, கும்பகோணம் காலேஜில் வேலைக்குச் சேர்ந்தது, சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தது என்று கதை நீண்டது. 1942 ஏப்ரல் 28-ஆம் தேதி அவர் காலமானார். தொடரும் அத்தோடு நின்றது. கதை அப்போது பத்தொன்பதாம் நூற்றாண்டைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவர் அவர். 1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி வந்தது, 1906-ல் மகாமகோபாத்தியாயர் பட்டம், 1918-ல் பரிபாடல் பதிப்பு, 1937-ல் குறுந்தொகை எல்லாம் அந்த நாற்பது வருஷத்தில்தான் வருகின்றன. அதை அவர் வாயாலேயே கேட்கும் பாக்கியம் வாசகர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால், அவருக்கு வந்த கடிதங்கள் இருக்கின்றன.

எதையும் தூக்கிப் போடும் பழக்கம் அவருக்கு இல்லை. ஓலைச்சுவடிக்குக் கொடுத்த மரியாதையைத் தபாலில் வந்த காகிதத்துக்கும் கொடுத்தார். அப்படிச் சேர்ந்த ஆயிரக்கணக்கான கடிதங்கள், பெசன்ட் நகரில் அவர் பெயரில் இருக்கும் நூல் நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1877 முதல் 1900 வரை வந்தவற்றில் ஏறத்தாழ 700 கடிதங்களைப் பேராசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து, 'கடிதக் கருவூலம்' என்ற பெயரில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய புத்தகமாக அந்த நூல் நிலையமே வெளியிட்டது.

பெரிய மனிதர்களின் கடிதங்கள் என்றால் பொன்மொழிகள் நிறைந்திருக்கும் என்று நினைப்போம். அந்தக் காலத்துத் தபால் பையில் வந்ததோ வேறு விதமான விஷயங்கள். சுவடி எங்கே இருக்கிறது, யாரைப் பார்த்தால் கிடைக்கும், புத்தகம் எத்தனை பிரதி வேண்டும், பணம் வந்து சேர்ந்ததா, ப்ரூஃப் எப்போது வரும், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை. சொந்த விஷயமும் கொடுக்கல் வாங்கலும் ஒரே காகிதத்தில் அடுத்தடுத்த வரிகளில் வரும். பாசத்துக்கு ஒரு தாள், பணத்துக்கு ஒரு தாள் என்று யாரும் பிரித்து எழுதுவதில்லை.

தபாலும் தமிழும்

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். புத்தகத்தை வாங்கும்போதே தபால்காரரிடம் பணம் கட்டும் வி.பி.பி. முறை இந்தியாவில் வந்தது 1877-ல். காலணா விலையில் தபால் கார்டு வந்தது 1879 ஜூலையில். தபால் ஆபீஸ் வழியாக மணியார்டர் அனுப்பும் வசதி 1880-ல். அந்த 1880 பிப்ரவரியில்தான் உ.வே.சா. மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராகச் சேர்கிறார். அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீப் அவரைப் பார்த்து, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். உ.வே.சா.வின் வாழ்க்கை திசை மாறிய நாள் அது.

கேட்டது ஒரு கேள்விதான். ஆனால், பதில் சொல்ல ஏழு வருஷம் ஆயிற்று. சிந்தாமணி 1887-ல் வெளிவந்தது. நடுவில் நடந்ததெல்லாம் தேடல், ஒப்பிடல், பிரதி எடுத்தல், அதோடு கடிதம் எழுதுதல்.

ஒரு சுவடி ஒருவர் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. முன்பின் தெரியாதவர் வந்து கேட்டால் யார் எடுத்துக் கொடுப்பார்கள்? திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் போன்ற ஒருவரின் வார்த்தை வேண்டும். அவருடைய கடிதமும் ஆளும் போனால் திருநெல்வேலிப் பக்கத்துக் கவிராயர் வீடுகளில் பரண் மேலிருந்த கட்டு கீழே இறங்கும். அந்த வகையில், கடிதம் என்பது ஒரு சாவி.

அப்புறம் காசு. சம்பளம் 50 ரூபாய் வாங்குகிற வாத்தியார், ஆயிரம் பக்கம் பிடிக்கக்கூடிய ஒரு நூலை எப்படி அச்சடிப்பார்? முன்கூட்டியே கையொப்பம் வாங்க வேண்டும். இத்தனை பேர் இத்தனை பிரதி எடுத்துக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்டால், அந்த நம்பிக்கையில் காகிதம் வாங்கலாம், அச்சுக்கூடத்துக்குப் பணம் சொல்லலாம். இன்றைக்கு 'முன்பதிவு' என்று சொல்கிறோமே, அதேதான். ஒவ்வொரு கையொப்பத்துக்குப் பின்னாலும் கடிதம் இருக்கும். கொழும்பிலிருந்து பொன்னம்பலம் குமாரசாமி முதலியார் போன்றவர்கள் கை கொடுத்ததும் இப்படித்தான்.

அச்சுக்கூடம் சென்னையில், பதிப்பாசிரியர் கும்பகோணத்தில். காலேஜ் விடுமுறையில் சென்னைக்கு வந்து தங்கிப் பார்ப்பார். மற்ற நாட்களில் ப்ரூஃப் தபாலில் போகும், திருத்தித் தபாலில் வரும். எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ரயிலுக்கு அன்றும் தாம்பரம்தான் வழி. இன்றைக்குத் தாம்பரம் பிளாட்பாரத்தில் செல்போனைப் பார்த்தபடி நிற்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், திருத்தக்க தேவரின் பாட்டு அச்சுப் பிழை திருத்தத்துக்காக இந்த வழியாகப் போய் வந்தது என்று?

பாரிஸிலிருந்து தமிழில் ஒரு கடிதம்

சிந்தாமணி வந்தபின் கடிதங்களின் தூரம் கூடியது. பாரிஸில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த ஜூலியன் வின்ஸோன் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர், 1891-ல் உ.வே.சா.வுக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார். சின்ன வயதில் காரைக்காலில் இருந்தவர் அவர். கப்பல் தபாலில் வாரக்கணக்கில் பிரயாணம் செய்து வந்த அந்தக் கடிதம், கும்பகோணத்துத் திண்ணையில் எவ்வளவு ஆச்சரியத்தைக் கிளப்பியிருக்கும்! பாரிஸ் நூலகத்தில் எந்தெந்தத் தமிழ்ச் சுவடிகள் இருக்கின்றன என்ற விசாரணை அதன்பின் இரண்டு பக்கமும் நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜி.யு. போப்போடும் தொடர்பு இருந்தது.

இன்னொரு முக்கியமான பெயர், யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை. வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சுக்குக் கொண்டுவந்தவர். சிந்தாமணியைத் தானே பதிப்பிக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. ஒரே சுவடியைத் தேடிய இரண்டு பேர் பகையாகிவிடுவதுதான் உலக வழக்கம். இவர்களுக்குள் உரசல் இருந்தும் பேச்சு அறுந்து போகவில்லை. ஒரு துறையில் போட்டியாளராக இருப்பவருக்கு எப்படி எழுத வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதைப் பழகிக்கொள்ள அந்தத் தலைமுறையைப் பார்க்கலாம்.

இவற்றை எல்லாம் 'என் சரித்திரம்' படித்தவர்கள் ஓரளவு அறிவார்கள். ஆனால் சுயசரிதை என்பது அறுபது வருஷம் கழித்து நினைவிலிருந்து சொல்வது. ஆறிய சோறு மாதிரி, பக்குவமாக இருக்கும். கடிதம் கொதிக்கக் கொதிக்க வருவது. புத்தகம் விற்குமா என்று தெரியாத நாளில் எழுதப்பட்ட வரிக்கு, அது விற்றுப் பேர் வாங்கியபின் சொல்லும் கதையில் இடம் கிடைப்பதில்லை.

347 ரூபாய் 12 அணா

கணக்கு வழக்குக் கடிதம் ஒரு மனிதரை எவ்வளவு தூரம் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு வ.உ. சிதம்பரம் பிள்ளையை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

1906-ல் பத்து லட்சம் ரூபாய் மூலதனம் என்று அறிவித்து, ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளோடு சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். 1908-ல் சிறைக்குப் போய், 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் குடும்பத்தோடு கஷ்ட ஜீவனம். அந்த நேரத்தில் தென்னாப்பிரிக்காவில் இருந்த நம்மவர்கள் அவருக்காகப் பணம் சேர்த்துக் காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். 1915 ஏப்ரலில் காந்தி சென்னைக்கு வந்தார். கடிதப் போக்குவரத்து ஆரம்பமானது. பணம் கைக்கு வர 1916 ஆகிவிட்டது. தொகை 347 ரூபாய் 12 அணா.

அந்தக் கடிதங்களில் ஒரு சின்ன விஷயம் வருகிறது. காலை ஆறு மணிக்கு வந்து பார்க்கும்படி காந்தி எழுதுகிறார். முதல் டிராம் ஐந்தரைக்குப் பிறகுதான் புறப்படும், அதனால் சற்றுத் தாமதமாகலாம் என்று வ.உ.சி. பதில் எழுதுகிறார். இரண்டு கப்பல்களைக் கடலில் விட்டவர், டிராம் நேரத்தைக் கணக்குப் போடுகிறார். அதில் புலம்பல் கிடையாது. ஆனால் அவருடைய வீழ்ச்சியைப் பற்றிய பத்துப் பக்கக் கட்டுரை சொல்லாததை அந்த டிராம் சொல்லிவிடுகிறது.

கடிதங்களை வைத்திருந்ததால்தான் இது தெரிகிறது. யாரோ ஒருவர், "இதென்ன, டிராம் பற்றியும் பாக்கி பற்றியும் எழுதின காகிதம்தானே" என்று அடுப்பில் போட்டிருந்தால் போனது போனதுதான்.

மறுபாதி எங்கே?

உ.வே.சா. வைத்திருந்தவை அவருக்கு வந்த கடிதங்கள். அவர் எழுதியவை தபாலில் ஏறிப் போய்விட்டன. பாரிஸுக்கும் யாழ்ப்பாணத்துக்கும், பெயர் தெரியாத எத்தனையோ கிராமங்களுக்கும் போயின. அந்த வீடுகளில் யாராவது எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு. டெலிபோனில் ஒருவர் பேசுவதை மட்டும் பக்கத்தில் நின்று கேட்பது போலத்தான், வந்த கடிதங்களை மட்டும் படிப்பது. எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சங்கடம் மேல்நாட்டு வியாபாரிகளுக்கும் இருந்தது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார் ஜேம்ஸ் வாட். நீராவி எஞ்சின் என்றதும் நினைவுக்கு வருவாரே, அவர்தான். எழுதிய கடிதத்தின் மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் மை ஒற்றிக்கொண்டு ஒரு நகல் கிடைக்கும். 1780-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில்கூட, கடை வைத்து, பாங்கு நடத்தி, ஊருக்குப் பள்ளிக்கூடமும் நூலகமும் கட்டிய பிரமுகர்கள் இப்படி நகல் புத்தகம் வைத்திருந்தார்கள். வந்ததும் உண்டு, அனுப்பியதும் உண்டு. மரம் வாங்கிய பாக்கி, மனைவிக்கு உடம்பு, நகரசபைச் சண்டை எல்லாம் ஒரே கட்டில் இருக்கும். அங்கே பல நூலகங்கள் அந்தப் பெட்டிகளை வரிசை எண் போட்டு வைத்திருக்கின்றன. ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் கேட்டால் எடுத்துக் கொடுக்கின்றன.

ஆனால் நகல் எடுப்பதெல்லாம் கணக்குப்பிள்ளை வைத்திருந்தவர்களின் வசதி. சாதாரண மனிதர் எழுதும் பதில், தபால் பெட்டியில் விழுந்த சத்தத்தோடு கையை விட்டுப் போய்விடும்.

பெரும்பாக்கத்தில் இரண்டு கட்டடங்கள்

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலைக்குச் செம்மொழிச் சாலை என்று பெயர். அந்தச் சாலையில், பெரும்பாக்கத்தில் இருக்கிறது செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம். 2022 ஜனவரி 12-ஆம் தேதி திறக்கப்பட்ட கட்டடம். நூலகத்தில் 45,000-க்கும் மேற்பட்ட நூல்கள் இருக்கின்றன. தொல்காப்பியம் முதல் முத்தொள்ளாயிரம் வரை 41 நூல்களை எல்லையாக வைத்து அங்கே ஆய்வு நடக்கிறது. எண்ணிப் பார்த்தால் அந்த 41-ல் 17 நூல்கள் உ.வே.சா. பதிப்பித்தவை. பத்துப்பாட்டில் பத்து, எட்டுத்தொகையில் புறநானூறு, ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல், குறுந்தொகை என ஐந்து, அதோடு சிலப்பதிகாரமும் மணிமேகலையும்.

அதே பெரும்பாக்கத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. வரிசை வரிசையாக நிற்கும் எட்டு மாடிக் குடியிருப்புகள். கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களும் நகரத்தின் வேறு பகுதிகளில் இருந்தவர்களுமாக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இங்கே வந்து குடியேறியிருக்கின்றன.

அந்தக் குடியிருப்பில் ஒன்றில் ஒரு ஆயா இருக்கிறார். எழுபதைத் தாண்டிய வயது. சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் நாற்பது வருஷம் வாழ்ந்தவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் கழுத்தளவு வந்தபோது இரண்டு பொருளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஒன்று, ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் இருந்த பிளாஸ்டிக் கவர். இன்னொன்று, ஒரு மஞ்சப்பை.

கவரில் இருந்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே வீடு ஒதுக்கும்போது அதை நான்கு பேர் வாங்கிப் பார்த்தார்கள். மஞ்சப்பையை யாரும் கேட்கவில்லை. அதில் இருந்தவை, அவர் கணவர் பிலாயில் வெல்டராக வேலை பார்த்தபோது அனுப்பிய இன்லாண்டு லெட்டர்களும், மணியார்டர் கூப்பன்களும்.

மணியார்டர் கூப்பன் இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. பணம் அனுப்பும் ஃபாரத்தின் அடியில் ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதில் நான்கு வரி எழுதலாம். தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்து, கைநாட்டு வாங்கிக்கொண்டு, அந்தத் துண்டைக் கிழித்துக் கொடுப்பார். பணம் அன்றைக்கே செலவாகிவிடும். துண்டு மிஞ்சும். ஒரு துண்டில், எண்பது ரூபாய் அனுப்பியிருப்பதாகவும் அரிசிக் கடை பாக்கியை முதலில் கட்டும்படியும் இருக்கிறது. கடைசி வரியில், இங்கே குளிர் அதிகம் என்று. குளிர் அதிகம் என்றால் என்ன அர்த்தம் என்பது வாங்கியவருக்குத்தான் தெரியும்.

எந்தக் கடிதத்திலும் ஆயாவின் பெயர் இல்லை. மூத்த மகளின் பெயரைப் போட்டு, அவள் அம்மாவுக்கு என்றுதான் ஆரம்பிக்கிறது. பெண்டாட்டி பெயரைச் சொல்ல வெட்கம். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் படித்துச் சொல்வான். பதிலும் அவனே எழுதுவான். ஆயா சொல்லச் சொல்ல அவன் எழுதிய பதில்கள் எல்லாம் பிலாய்க்குப் போயின. திரும்பி வந்தபோது கணவர் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு கம்பளியும். கடிதங்கள் வரவில்லை. கேட்டதற்கு, ரூம் மாறும்போது எங்கேயோ போய்விட்டது என்றாராம். இருபது வருஷத்துக்கு முன்பே அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆக, அந்த மஞ்சப்பையிலும் பாதிதான் இருக்கிறது.

இன்னா சொன்னேன் தெரியுமா?

ஆயாவின் பேத்தி கல்லூரியில் தமிழ் படிக்கிறாள். பாடத்துக்காக உ.வே.சா. கடிதங்களைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்தப் பை நினைவுக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்தார்கள். வெள்ளத்தில் ஓரம் நனைந்து மஞ்சள் கறை ஏறியிருந்தது. மைப்பேனாவில் எழுதியவை கலைந்து நீலமாகப் பரவியிருந்தன. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியவை தப்பித்திருந்தன.

பேத்தி ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள். ஆயாவுக்கு அது பல வருஷத்துக்குப் பிறகு கேட்கும் குரல். ஒரு கடிதத்தில் தாத்தா, மகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்த வேண்டாம் என்று எழுதியிருந்தார். பேத்தி நிமிர்ந்து பார்த்தாள். அந்த மகள் அவளுடைய அம்மா. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

"இதுக்கு நீ இன்னா பதில் போட்ட ஆயா?"

ஆயா உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, அந்தப் பதிலை வார்த்தை வார்த்தையாகச் சொல்ல ஆரம்பித்தார். நாற்பது வருஷத்துக்கு முன் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொன்ன அதே தோரணை. உன் அம்மாவுக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன், நான் வேலைக்குப் போகிற நாலு வீட்டை யார் பார்ப்பது, பிள்ளையை நிறுத்தினால்தான் அடுப்பு எரியும், நீ பிலாயில் இருந்துகொண்டு சொல்வது சுலபம் என்று.

பேத்தி போனில் ரெகார்டரைப் போட்டிருந்தாள். ஒரு கடிதம் படிப்பது, அதற்கு ஆயா அன்றைக்குப் போட்ட பதிலைக் கேட்பது, தேதியைச் சொல்லிச் சேமிப்பது என்று மாலை வரை நடந்தது. சில பதில்கள் ஆயாவுக்கு நினைவில்லை. சில இடங்களில் சிரித்தார். ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். அந்தக் கடிதத்தை மட்டும் படிக்க வேண்டாம் என்று வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அது என்ன என்று பேத்தி கேட்கவில்லை. எல்லாவற்றையும் வைத்திருப்பவருக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் உரிமையும் உண்டு.

அன்று இரவு வேலையிலிருந்து திரும்பிய அம்மாவுக்குப் பேத்தி அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினாள். அப்பா தன்னைப் படிக்க வைக்கச் சொல்லியிருந்தார் என்பது அந்த அம்மாவுக்கு அதுவரை தெரியாது. அப்பாவுக்குத்தான் அக்கறை இல்லை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். ஆயா ஏன் அப்படிப் பதில் போட்டார் என்பதையும் அதே மூச்சில் கேட்டார். கோபப்பட ஒரு காரணமும், கோபப்பட முடியாத ஒரு காரணமும் ஒன்றாகக் கிடைத்தன.

எது மிஞ்சுகிறது?

நம் வீடுகளில் கடிதங்கள் மிஞ்சாததற்கு ஒரு பழக்கமும் காரணம். கல்யாணப் பத்திரிகைக்கு நான்கு மூலையில் மஞ்சள் தடவி வைப்போம். சாவுச் செய்தி வந்த கார்டை, படித்த கையோடு வாசலிலேயே கிழித்துப் போடுவோம். அதனால் பழைய பெட்டியைத் திறந்தால் நல்ல சேதிகளே அதிகமாக இருக்கும். துக்கமும் கடனும் சண்டையும் குறைவாக இருக்கும். ஒரு குடும்பம் எப்படிக் கரையேறியது என்பது துக்கத்திலும் கடனிலும்தானே இருக்கிறது?

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. சுவடி தேடி உ.வே.சா. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனார். வரதுங்க பாண்டியர் காலத்து ஏடுகள் அங்கே இருந்ததாகக் கேள்வி. போய்க் கேட்டால், பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகப் பதில் கிடைத்தது. போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. சாஸ்திரப்படி மரியாதையாகத்தான் செய்தார்கள். யாருக்கும் பயன்படாது என்று உண்மையாகவே நம்பினார்கள்.

இன்றைக்கு நமக்கு ஹோமம் தேவையில்லை. போன் மாறும்போது பழைய வாட்ஸ்அப் போய்விடுகிறது. 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வந்ததும் 'குட்மார்னிங்' படங்களோடு சேர்த்து அப்பாவின் குரல் பதிவையும் அழித்துவிடுகிறோம். இருநூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கக் கடைக்காரர் எந்த மரத்தை என்ன விலைக்கு வாங்கினார் என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. 2014-ல் நம் அம்மா நமக்கு என்ன மெசேஜ் அனுப்பினார் என்று கேட்டால் சொல்ல முடிவதில்லை.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. ஆனால், சில சின்னக் காரியங்கள் எல்லோராலும் முடியும். பழைய கடிதம் இருந்தால் நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுக்கலாம். கவரையும் சேர்த்து எடுக்க வேண்டும், ஏனென்றால் தபால் முத்திரையில்தான் ஊரும் தேதியும் இருக்கும். யார் யாருக்கு எழுதியது என்று ஒரு வரி குறித்து வைக்கலாம். படம் எடுத்தாயிற்று என்று காகிதத்தைத் தூக்கிப் போடாமல், ஈரம் படாத டப்பாவில், பிளாஸ்டிக்கில் சுற்றாமல் பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம். பெரியவர்கள் இருந்தால் அதைப் படித்துக் காட்டி, அதற்கு என்ன பதில் போட்டீர்கள் என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு அவகாசம் கொஞ்சம்தான்.

உ.வே.சா.வுக்கு 1877-ல் முதல் கடிதங்கள் வந்தபோது அவருக்கு வயது 22. திருவாவடுதுறை மடத்தில் இருந்த ஒரு இளைஞர். பிற்காலத்தில் தமிழ்த் தாத்தா என்று பெயர் வரும் என்பது அவருக்கும் தெரியாது, எழுதியவர்களுக்கும் தெரியாது. பிரபலமானபின் வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தால் அந்த ஆரம்ப நாட்கள் நமக்குக் கிடைத்திருக்காது. யாரென்று தெரியாத காலத்திலேயே, வந்த காகிதத்தை அவர் மதித்து மடித்து வைத்தார்.